பெரிய பல் சீப்பு

– திரும்பத் திரும்ப அந்தக் கண்ணையே மூடி மூடிப் பாக்காதே.

– பாக்காம? இடது கண்ணை மூடினா ஜன்னலும் காணோம், நீங்களும் காணோம். திறந்தா ரெண்டும் வந்துடுது.

– விளையாட்டா இது?

– நேத்து ஓரத்துல சாம்பலா ஏதோ தெரிஞ்ச மாதிரி இருந்துச்சுங்க. இன்னிக்கு அதுவும் இல்ல.

– வலது கண்ணைப் பத்தி நினைக்காதே. இடதைக் காப்பாத்தணும். அதுக்குத்தான் மூணு நாளா இந்த பாட்டில் தொங்குது.

– தெரியும், நர்ஸ் பொண்ணு சொல்லுச்சு. உங்களைவிடத் தெளிவாவே சொல்லுது. நாப்பது வருஷம் மருந்துக்கடையில நின்னீங்கன்னுதான் பேரு. ஒரு விஷயத்தை நேரா சொல்லத் தெரியாது உங்களுக்கு.

– சரி. திட்டு.

– திட்டலைங்க. பக்கத்துல வாங்க. அந்தப் புஸ்தகத்துல விட்ட பக்கத்தை எடுத்துக் குடுங்க. ஒத்தைக் கண்ணுல எவ்வளவு தூரம் ஓடுதுன்னு பாக்கறேன்.

– டாக்டர் படிக்க வேணாம்னாரே.

– லைப்ரரியில முப்பது வருஷம் வேலை பாத்தவளைப் பாத்து படிக்காதேன்னா, அவரே வந்து எனக்குப் படிச்சுக் காட்டட்டும். இந்தக் கண்ணும் போயிட்டா அப்புறம் என்னங்க இருக்கு எனக்கு?

– அப்படிச் சொல்லாதே. இதோ, நர்ஸ் வருது.

– அம்மா, விரலைக் காட்டுங்க. சர்க்கரை பாக்கணும். சின்னக் குத்துதான், சரியா?

– காலையிலதானே குத்தினே, கண்ணு?

– இந்த மருந்து ஏற ஏற சர்க்கரையும் ஏறும்மா. அதான் நாலு வேளையும் பாக்கறோம். இதோ, முடிஞ்சுது. ஆமா, உங்களுக்கு இது எப்படி ஆரம்பிச்சுது? நான் நேத்துதான் இந்த வார்டுக்கு மாறி வந்தேன். கேஸ் ஷீட்டுல பாதி எழுத்து புரியல.

– அது பெரிய கதை. போன வருஷம் மழை விட்ட சமயம். ஒரு நாள் காலையில கண்ணு முழிச்சா எழுந்திருக்க முடியல. ரெண்டு தோள்லயும் யாரோ மணல் மூட்டையை ஏத்தி வெச்ச மாதிரி. கட்டில்ல இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் புரள முடியாது. இடுப்பு, தொடை எல்லாம் மரக்கட்டை. பதினோரு மணிக்கு மேல கொஞ்சம் இளகும். மறுநாள் காலையில பழையபடிதான்.

– அப்பவே டாக்டர்கிட்ட வரலையா?

– வீட்டுலதான் ஒருத்தர் இருக்காரே. இதோ உக்காந்திருக்காரே, கம்பவுண்டர். பேருக்குத்தான் கம்பவுண்டர். தெருவுல எல்லாருக்கும் அரை டாக்டர்.

– ஏன், அதையும் நானே சொல்லிடறேன் சிஸ்டர். வயசுன்னு சொன்னேன். ஈரக் காத்துன்னு சொன்னேன். தைலம் தேய்ச்சேன். வலி மாத்திரை குடுத்தேன். நாலு மாசம் போச்சு.

– நிறையப் பேர் அப்படித்தான் ஐயா பண்றாங்க. அறுபது, எழுபது வயசுல தோள் வலிச்சா யாரு பெருசா எடுத்துக்கறாங்க?

– நான் எடுத்துக்கிட்டிருக்கணும். அதுதானே என் தொழில். ரெண்டு தோளும் ஒரே நேரத்துல, காலையில ஒரு மணி நேரத்துக்கு மேல விறைப்பு, கை தலைக்கு மேல போகல. எதிர்ல நின்னு ஒரு கஸ்டமர் இதைச் சொல்லியிருந்தா, ரத்தத்துல அழற்சி இருக்கான்னு ஈ.எஸ்.ஆர் பாத்துட்டு வாங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்திருப்பேன். வீட்டுல இருக்கறவ சொன்னதால தைலத்தை எடுத்துட்டேன்.

– கடைசியில நான்தான் பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு இங்க வந்தேன். ரத்தம் எடுத்தாங்க. பாலிமயால்ஜியான்னு ஏதோ பேர் சொன்னாங்க. வயசானவங்களுக்குத் தசையைச் சுத்தி வர்ற அழற்சியாம். பொடிசா ரெண்டு மூணு வெள்ளை மாத்திரை குடுத்தாங்க. நீ நம்ப மாட்டே கண்ணு. மூணாம் நாள் காலையில நாற்காலி மேல ஏறி நின்னு ஜன்னல் திரையைக் கழட்டினேன் துவைக்க! இவர் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னார்.

– அந்த மாத்திரை அப்படித்தான்மா. பட்டுன்னு கேக்கும். அதனாலதான் நிறையப் பேர், சரியாப் போச்சுன்னு நினைச்சு நடுவுல விட்டுடறாங்க. உள்ளே நெருப்பு அணைஞ்சிருக்காது, மேல சாம்பல் மூடியிருக்கும், அவ்வளவுதான். ஒரு வருஷம், ரெண்டு வருஷம், ஒவ்வொரு மில்லிகிராமா, ரத்தத்தைப் பாத்துப் பாத்துத்தான் இறக்கணும். அதுக்குள்ள தலைவலி, மண்டைத் தோல் வலி, தாடை வலி, கண்ணு மங்கல்னு ஏதாவது வந்தா அந்த மணியே ஓடி வரணும். மஞ்சள் அட்டை குடுத்திருப்பாங்களே?

– பையிலதான் இருக்கு. நாலாம் பக்கத்துல சிவப்பு எழுத்து.

– பாருங்க, அம்மா எவ்வளவு கரெக்டா சொல்றாங்க! சரி, இப்ப நான் வந்த விஷயத்துக்கு வர்றேன். கம்பவுண்டர் ஐயா, இது உங்களுக்குத்தான். பெரிய டாக்டர் அரை மணி நேரத்துல வர்றாங்க. மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே நோய் தலை ரத்தக்குழாய்க்கு ஏறி, கண்ணு வரைக்கும் போயிருக்கு. அப்படின்னா இந்த மாத்திரை அம்மா உடம்புக்குக் கேக்கலைன்னு அர்த்தம்னு அவங்க நினைக்கிறாங்க. இன்னிக்கே வேற ஒரு ஊசி ஆரம்பிக்கலாம்னு பேச்சு.

– என்ன ஊசி?

– எதிர்ப்புச் சக்தியை நல்லா அடக்குற ஊசி. லேசுப்பட்டது இல்ல. அம்மாவுக்குச் சின்ன வயசுல நுரையீரல்ல கிருமி இருந்து சரியானதா எழுதியிருக்கு. இந்த ஊசியில அது திரும்பிடுமோன்னும் ஒரு யோசனை. அதனாலதான் கேக்கறாங்க, அம்மா தினமும் எத்தனை மாத்திரை சாப்பிட்டாங்க?

– சீட்டுல எழுதியிருக்கே. பத்து மில்லிகிராம். அஞ்சு அஞ்சா ரெண்டு.

– சீட்டுல இருக்கறது எனக்கும் தெரியும். வயித்துக்குள்ள போனது?

– ரெண்டு. காலையில ரெண்டு.

– ஒரு நாள்கூட விட்டுப் போகலையே?

– இவரா விடுவார்? ஏழு குழி வெச்ச டப்பா ஒண்ணு வாங்கி வெச்சிருக்கார் கண்ணு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, கடையில நிரப்பற மாதிரி நிரப்புவார். காலையில தண்ணியோட கொண்டாந்து என் கையில வெச்சு, நான் முழுங்கற வரைக்கும் நிப்பார்.

– குடுத்து வெச்சவங்கம்மா நீங்க. ஐயா, அந்த டப்பாவைக் கொண்டாந்திருக்கீங்களா? டாக்டர் பாக்கணும்னாங்க.

– பையில எங்கியோ இருக்கு. தேடித் தர்றேன்.

– அவங்க வர்றதுக்குள்ள, சரியா? நான் எட்டாம் நம்பரைப் பாத்துட்டு வர்றேன்.

– ஏங்க. ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?

– ஒண்ணுமில்ல.

– ஃபேன் ஓடுது. வேர்க்குது. டப்பா அந்தச் சின்னப் பையில, துண்டுக்கு அடியில இருக்கு. நீங்களே வெச்சீங்களே?

– தெரியும்.

– அப்ப எடுத்துக் குடுக்க வேண்டியதுதானே?

– குடுக்க முடியாதுடி.

– ஏன்?

– அதுல இருக்கறது அந்த மாத்திரை இல்ல. கேளு. குறுக்க பேசாம கேளு. பேச ஆரம்பிச்சா பாதியில நிறுத்திடுவேன். ஏழு வாரமா நீ முழுங்கினது சத்து மாத்திரை. அதே வெள்ளை, அதே பொடிசு. நான்தான் மாத்தினேன். மொத ரெண்டு வாரம் ஒண்ணை மாத்தினேன். அப்புறம் ரெண்டையும் மாத்திட்டேன்.

– ம்.

– ம்முன்னா?

– குறுக்க பேசாதேன்னீங்களே. சொல்லுங்க.

– நம்ம கடைக்கு வாத்தியார் சம்சாரம் ஒருத்தி வருவா, ஞாபகம் இருக்கா? கடைத்தெரு முனை வீடு. முட்டி வலின்னு வருவா. அவளுக்கு இதே மாத்திரையைத்தான் குடுத்தேன். சீட்டு கிடையாது, டாக்டர் கிடையாது. அட்டையைக் கத்தரிக்கோலால வெட்டி, காகித உறையில போட்டு, காலை ஒண்ணு மாலை ஒண்ணுன்னு என் கையெழுத்துல எழுதிக் குடுத்தேன். கம்பவுண்டர் கை ராசின்னு தெரு முழுக்கச் சொல்லுவா. ஆறு வருஷம். மூஞ்சி பூசணிக்காயா வீங்கிப் போச்சு. தோலைத் தொட்டா ரத்தம் கன்னிப் போகும். ஒரு நாள் குளியல் ரூம்ல லேசா வழுக்கினா, அவ்வளவுதான், அந்த மாத்திரை அரிச்ச இடுப்பு எலும்பு நொறுங்கிப் போச்சு. அதுக்கப்புறம் அவ எழுந்திருக்கல.

– அதை நீங்க எங்கிட்ட சொன்னதே இல்லையே.

– யார்கிட்டயும் சொன்னதில்ல. வாத்தியார் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். நீங்களாவது அவளுக்கு வலி தெரியாம பாத்துக்கிட்டீங்கன்னார். நானும் தலையாட்டிட்டு வந்தேன். டாக்டர் உனக்கு ரெண்டு வருஷம்னு எழுதினப்போ எனக்கு அந்த உறைதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. காலை ஒண்ணு மாலை ஒண்ணு. உன் கன்னம் கொஞ்சம் உப்பின மாதிரி தெரிஞ்சுது ஒரு நாள். அன்னிக்கு ராத்திரி பூரா தூங்கல. மூணு மாசம் போதும், வலிதான் இல்லையே, நாமளே இறக்கிடுவோம்னு முடிவு பண்ணினேன். டாக்டர் அளந்து குடுக்கறதுக்கும் நான் அள்ளிக் குடுத்ததுக்கும் வித்தியாசம் இருக்குன்னு யோசிக்கல பாரு. அவர் எலும்புக்குத் தனியா மாத்திரை எழுதியிருந்தார், சர்க்கரை பாக்கத் தேதி குறிச்சிருந்தார். எல்லாம் கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு. என் மண்டையில ஏறல.

– எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?

– கேட்டா நீ டாக்டர்கிட்ட கேப்பே. அவர் கூடாதும்பார். அவர்கிட்ட போக வேண்டிய தேதியை, மழையா இருக்கு, அடுத்த மாசம் போலாம்னு தள்ளிப் போட்டதும் அதுக்குத்தான். ரத்தம் எடுத்தா குட்டு உடைஞ்சுடும்.

– நானும் சரின்னு சொல்லிட்டேன்.

– நீ என்ன கண்டே பாவம்! மறுபடி தோள் பிடிச்சுக்கிட்டப்ப, மருந்தை இறக்கினா பத்து நாள் இப்படித்தான் இருக்கும், தானா அடங்கிடும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதுவாவது போகட்டும். தலை வாரறப்ப வலிக்குதுன்னே. மண்டைத் தோலைத் தொட்டாலே எரியுதுன்னே. நான் என்ன பண்ணினேன்?

– புதுச் சீப்பு வாங்கிட்டு வந்தீங்க.

– பெரிய பல் வெச்ச சீப்பு! சின்னப் பல்லுதான் குத்துதுன்னு நினைச்சேன். ரொட்டியை மெல்லும்போது பாதியில தாடை களைச்சுப் போகுதுன்னே. ஓரத்தை வெட்டிட்டுப் பால்ல ஊற வெச்சுக் குடுத்தேன். நெத்திப்பொட்டு விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுன்னே. தலைகாணியை மாத்தினேன். அட்டையில சிவப்பு எழுத்துல போட்டிருந்ததுல மூணை நீ எங்கிட்ட ஒண்ணு ஒண்ணா வந்து சொல்லியிருக்கே. நான் மூணுக்கும் சீப்பு, பால், தலைகாணின்னு தேடிக்கிட்டு இருந்திருக்கேன்.

– அழாதீங்க. பக்கத்துக் கட்டில்காரங்க பாக்கறாங்க.

– பாக்கட்டும்.

– ஐயா, டப்பா கிடைச்சுதா? டாக்டர் கீழ் மாடி வரைக்கும் வந்துட்டாங்க. என்ன ஐயா, என்னாச்சு? அம்மா, வலிக்குதா?

– எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு.

– இந்தாங்க சிஸ்டர் டப்பா. இதுல இருக்கறது ஸ்டீராய்டு இல்ல. சத்து மாத்திரை. ஏழு வாரமா அவளுக்கு இதைத்தான் குடுத்தேன். கடைசி அஞ்சு வாரம் அந்த மருந்து ஒரு பொட்டுகூட உள்ள போகல. அவளுக்கு எதுவும் தெரியாது. டாக்டர்கிட்ட நானே சொல்றேன்.

– ஐயா! என்ன சொல்றீங்க?

– மாத்திரை கேக்கலைன்னு அந்த ஊசியைப் போட்டுடாதீங்க. மாத்திரை கேட்டுச்சு. நான்தான் குடுக்கல.

– நீங்க மருந்துக்கடையில இருந்தவர்தானே? மாசக்கணக்குல சாப்பிட்டதை இப்படி நிறுத்தினா உடம்பு என்ன ஆகும்னு தெரியாதா? அம்மா மயங்கி விழுந்திருந்தா? உயிரே போயிருக்கும் ஐயா!

– தெரியும். நாப்பது வருஷம் மத்தவங்களுக்குச் சொன்னதுதான்.

– கண்ணு, அவரைத் திட்டாதே.

– திட்டாம என்னம்மா பண்றது? சரி. சரி. இப்பவாவது சொன்னீங்களே. இது டாக்டருக்கு ரொம்பப் பெரிய விஷயம். மாத்திரை கேக்குற உடம்புன்னா அந்த ஊசியை இப்போதைக்கு யோசிக்க வேண்டி வராதுன்னு நினைக்கிறேன். அதை அவங்கதான் சொல்லணும். போன பார்வை வராதும்மா. அதுல உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஆனா இடது கண்ணு இன்னிக்கு வரைக்கும் சுத்தமா இருக்கு. இனிமே ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது. சரியா?

– தப்பாது.

– உங்களைக் கேக்கல ஐயா. அம்மாவைக் கேக்கறேன்.

– தப்பாது கண்ணு.

– இனிமே மாத்திரையை நீங்களே எடுத்து, நீங்களே பாத்து, நீங்களே முழுங்கணும். டப்பாவை நான் கொண்டு போறேன். டாக்டரை முதல்ல இந்தக் கட்டிலுக்கே கூட்டிக்கிட்டு வர்றேன்.

– போயிட்டா. என்னைப் பாத்த பார்வையைப் பாத்தியா? அவ பாத்தது சரிதான்.

– உக்காருங்க.

– நீ ஏன் ஒண்ணுமே சொல்லல? அந்தப் பொண்ணு திட்டினதுல பாதியாவது நீ திட்டணும். கட்டினவன் கண்ணைப் பறிச்சுட்டான்னு சத்தம் போடு. தாங்கிக்கறேன். இப்படி அமைதியா இருக்காதே.

– என்னத்தைத் திட்டறது?

– நம்பித்தானே தினமும் கையை நீட்டினே? அந்தக் கையிலதானே…

– அந்த மாத்திரை கசக்குங்க.

– என்ன?

– நாக்குல வெச்ச உடனே வேப்பங்காயா கசக்கும். தண்ணி குடிச்சப்புறமும் தொண்டையில நிக்கும். நீங்க ஒரு நாளும் வாயில போட்டதில்ல, அதனால தெரியாது. நாப்பது வருஷம் வித்தவருக்கு அதோட ருசி தெரியல.

– அதனால?

– ஒரு காலையில ரெண்டுல ஒண்ணு கசக்கல. ரெண்டு வாரம் கழிச்சு ரெண்டுமே கசக்கல.

– உனக்குத் தெரியுமா? மொதல்ல இருந்தே தெரியுமா?

– தெரியும்.

– அடிப்பாவி! தெரிஞ்சுமா முழுங்கினே? அட்டையை நாலாம் பக்கம் வரைக்கும் படிச்சவளாச்சே நீ! ஏன்டி எங்கிட்ட கேக்கல? டாக்டர்கிட்ட போறதைத் தள்ளிப் போட்டப்பவும் சரின்னியே?

– கண்ணு போகும்னு நினைக்கலைங்க. சத்தியமா நினைக்கல. சிவப்பு எழுத்தெல்லாம் யாருக்கோ வர்றதுன்னு இருந்துட்டேன். தோள் வலி திரும்ப வரும், அவ்வளவுதானேன்னு நினைச்சேன். அது எனக்குப் பழகின வலி.

– வலி வரணும்னு யாராவது காத்துக்கிட்டு இருப்பாங்களா? என்ன பேச்சு பேசறே?

– மொத நாலு மாசம், கை தூக்க முடியாம கிடந்தேனே, அப்ப நீங்க கடைப் பக்கமே போகல. காலையில எழுப்பி உக்கார வெச்சு, சட்டைக் கையை மாட்டி விட்டு, சிக்கு எடுத்துப் பின்னி விட்டுட்டுத்தான் டீயே குடிச்சீங்க. பின்னத் தெரியாம மூணு தடவை அவுத்து அவுத்துப் போட்டீங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நீங்க அவ்வளவு நேரம் என் பக்கத்துல உக்காந்து பேசினதில்ல.

– அது… உனக்கு முடியாம இருந்துச்சு.

– ஆமா. நாற்காலியில ஏறித் திரையைக் கழட்டினேன் பாருங்க, அன்னிக்குச் சாயந்திரமே செருப்பை மாட்டிக்கிட்டுப் பழைய கடைக்குக் கிளம்பிட்டீங்க. சும்மா போய் உக்காந்திருக்க. அப்புறம் விளக்கு வெச்ச பிறகுதான் தினமும் வந்தீங்க.

– நீ குணமாயிட்டேன்னு நினைச்சுத்தானே போனேன்.

– குணமாத்தாங்க இருந்தேன். அந்த மூணு மாசமும் என் தலையை நானேதான் வாரிக்கிட்டேன்.